பெட்டரிக்கு யார் பொறுப்பு?



கொஞ்சம் நீளமான பதிவு. கரண்ட் சைக்கிள் ஓடுகிறவர்கள், பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர்கள், சைக்கிள் கடை வைத்திருக்கும் தம்பிமார், மனைவிக்கோ மகளுக்கோ ஒன்று வாங்கிக் கொடுக்க யோசிக்கும் வாப்பாமார் எல்லாரும் பொறுமையாக வாசித்தால் நல்லது.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று எந்த ஊரின் பிரதான வீதியிலும் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். சத்தமில்லாமல் வரிசையாகக் கரண்ட் சைக்கிள்கள் போகும். ஓட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆசிரியைகள், முன்பள்ளி மிஸ்மார், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள், கடைகளில் கணக்கு எழுதும் பிள்ளைகள். இடையிடையே ஓய்வுபெற்ற சேர்மாரும் போவார்கள்.

இது எப்படி வந்தது என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2022 ஜூன் கடைசியில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். பாடசாலைகள் மூடப்பட்டு, ஜூலை 25இல் திறந்தபோதும் வாரத்துக்கு 3 நாள் மட்டுமே நடந்தன. ஷெட் வரிசையில் இரவு முழுக்க நிற்க முடியாத நாங்கள் பலர் அந்தக் காலத்தில்தான் கரண்ட் சைக்கிளுக்கு மாறினோம். நகையை வைத்தவர்களும் உண்டு, சீட்டு எடுத்தவர்களும் உண்டு.

பெற்றோல் வரிசை போய்விட்டது. ஆனால் இந்த சைக்கிள் எங்கள் வீடுகளில் வேறொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. முன்பெல்லாம் ஓர் ஆசிரியைக்கு சம்மாந்துறைக்கோ இறக்காமத்துக்கோ இடமாற்றம் கிடைத்தால், அடுத்த கேள்வி "யார் கொண்டுபோய் விடுற?" என்பதுதான். கணவர், காக்கா, தம்பி, இல்லாவிட்டால் மாதக் கணக்கில் ஆட்டோ. அவர்களுக்கு நேரம் இல்லாத நாளில் லீவு. இப்போது அந்தக் கேள்வி இல்லை. மாலை வகுப்பு நடத்தலாம், உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம், பிள்ளையை மத்ரஸாவில் விடலாம். யாரையும் எதிர்பார்த்து முற்றத்தில் நிற்கத் தேவையில்லை.

இந்தச் சுதந்திரம் முழுவதும் சீட்டுக்குக் கீழே இருக்கும் ஒரு பெட்டியில் தங்கியிருக்கிறது. அந்தப் பெட்டிக்கு இரண்டு வயதாகும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது. முதலில் ஒருமுறை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் ஓடும். பிறகு ஒரு நாள். பிறகு போய்வருவதற்கே காணாது. புதிய செட்டின் விலையைக் கேட்டதும் வீட்டில் பேச்சு மாறுகிறது. "உங்களுக்கு ஏன் மிஸ் இந்தக் கரைச்சல், வித்துப்போட்டு ஆட்டோல போங்க" என்பார்கள். வீட்டுச் செலவில் எதையாவது குறைக்க வேண்டும் என்றால் முதலில் குறைவது பெண்ணின் போக்குவரத்துத்தான். மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை.

எங்கள் கருத்து இதுதான். சைக்கிளுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், பெட்டரிக்கு ஊரில் ஒருவரும் பொறுப்பில்லை. ஓட்டுகிறவர் கடையைச் சொல்கிறார், கடை பாவித்த விதத்தைச் சொல்கிறது, வேலைத்தலம் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. மூன்று தரப்பும் தங்கள் பங்கை எடுத்தால் இது தீர்க்கக்கூடிய பிரச்சினை.

முதலில் ஓட்டுகிறவர்களின் பங்கு.

நம் வீதிகளில் ஓடும் மலிவான சைக்கிள்களில் பெரும்பாலும் இருப்பது ஈய அமில பெட்டரி. 12 வோல்ட் பெட்டரி நான்கைத் தொடராக இணைத்தால் 48 வோல்ட். இந்த வகைக்கு வெறுமையாக நிற்பதுதான் பெரிய எதிரி. சார்ஜ் இறங்கிய நிலையில் நாட்கணக்கில் விட்டால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய அளவு வராது. ஆகவே ஓடிய அன்றே சார்ஜ் போட வேண்டும். பாதிக்குக் கீழே இறங்க விடாமல் பாவித்தால் ஆயுள் நன்றாக நீளும்.

ஆசிரியர்களின் பெட்டரிகள் அதிகம் பழுதாவது ஓடும்போது அல்ல, விடுமுறையில். நமது முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை ஒரு மாதம். அந்த மாதம் முழுவதும் சைக்கிள் மூலையில் நிற்கும். பெருநாள் முடிந்து எடுத்தால் பாதித் தூரத்தில் நின்றுவிடும். நோன்பு தொடங்க முன் முழுமையாகச் சார்ஜ் போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் போட்டால் போதும். லித்தியம் பெட்டரிக்கு இது மாறுபடும். நீண்ட நாள் நிறுத்தி வைப்பதென்றால் பாதியளவு சார்ஜில் வைப்பது நல்லது. முழுமையாகவும் வேண்டாம், வெறுமையாகவும் வேண்டாம்.

மீற்றரில் காட்டும் கோடுகளையும் முழுதாக நம்ப வேண்டாம். அது காட்டுவது பெரும்பாலும் வோல்ட் அளவு. பாலத்தில் ஏறும்போது ஒரு கோடுக்கு இறங்கும், சிவப்பு விளக்கில் நின்றால் மூன்று கோடுக்கு ஏறும். பெட்டரி நிறைந்துவிட்டதாக நினைத்து வேகத்தைக் கூட்டினால் நடுவழியில் தள்ள வேண்டி வரும்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி வழியாக சம்மாந்துறைக்குப் போகிறவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் வயல், மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. காற்றே இல்லாத நேரத்திலும் 20 கிலோமீற்றர் வேகத்தை 40 ஆக்கினால் காற்றின் எதிர்ப்பு 4 மடங்காகும். எதிர்க்காற்றில் அது இன்னும் கூடும். பெட்டரி பழசாகும்போது வேகத்தைக் குறைத்தால் அதே சார்ஜில் வீடு வந்து சேரலாம். பத்து நிமிடம் முந்திப் புறப்படுவது புதிய செட் வாங்குவதைவிட மலிவு.

மாரியில் வேறு பிரச்சினை. பல சைக்கிள்களில் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவிலேயே இருக்கிறது. அச்சு நனையும் அளவுக்குத் தண்ணீர் நின்றால் ஓட்ட வேண்டாம். வீதிக்குக் குறுக்கே தண்ணீர் பாய்ந்தால் தள்ளிக்கொண்டும் போக வேண்டாம், திரும்பிவிடுங்கள். 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் நம் மத்ரஸாப் பிள்ளைகளைக் கொண்டுபோனது. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. அதற்குப் பிறகும் "இவ்வளவு தண்ணிதானே" என்று யாரும் சொல்லக் கூடாது.

கடற்கரை ஊர்கள் என்பதால் உப்புக்காற்று இணைப்புகளில் பச்சையாகப் படியும். பெட்டரி நல்ல நிலையில் இருந்தும் வயர் முனையால் கரண்ட் போகாமல் நின்ற சைக்கிள்கள் எத்தனையோ. மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அபாயா அணிந்து ஓட்டும் சகோதரிகள் பின்சக்கரத்துக்குக் கட்டாயம் மறைப்பு வலை போடுங்கள். சத்தம் இல்லாத வாகனம் என்பதால் ஒழுங்கைத் திருப்பங்களில் மணி அடிக்கவும் மறக்க வேண்டாம்.

இனிப் பணம். பெட்டரி திடீரென்று வரும் செலவு அல்ல. தினமும் பாடசாலைக்கு ஓடினால் ஈய அமில செட் ஒன்று ஒன்றரை, இரண்டு வருடத்தில் தளரும் என்பது வாங்கும் அன்றே தெரிந்த விடயம். கணக்குக்காக ஒரு செட் 72,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 மாதத்தால் பிரித்தால் மாதம் 4,000. அதே தூரத்துக்கு ஆட்டோவுக்கு மாதம் என்ன கொடுப்போம் என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பத்துப் பேர் சேர்ந்து வட்டியில்லாத பெட்டரிச் சீட்டு ஒன்று போடலாம். யாருடைய செட் முதலில் தளர்கிறதோ அவருக்கு முதல் முறை. நகைக்கும் பெருநாள் உடுப்புக்கும் சீட்டுப் போடுகிற ஊருக்கு இது புதிதல்ல. காசு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தால் "வித்துப்போடுங்க" என்ற பேச்சு வீட்டில் எழாது.

அடுத்தது கடைகளின் பங்கு.

எல்லாக் கடைகளையும் சொல்லவில்லை. நேர்மையாக வியாபாரம் செய்யும் தம்பிமார் இருக்கிறார்கள். ஆனால் எங்களுக்குள் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் முறைப்பாடுகள் மூன்று.

ஒன்று, நீண்ட நாள் கடையில் கிடந்த பெட்டரியைப் புதிது என்று விற்பது. ஈய அமில பெட்டரி பாவிக்காமல் கிடந்தாலும் பழுதாகும். உற்பத்தித் திகதியைக் காட்டி விற்க வேண்டும், வாங்குகிறவர் கேட்க வேண்டும்.

இரண்டு, நான்கில் ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றி அனுப்புவது. தொடராக இணைத்த நான்கில் பலவீனமானதுதான் முழு செட்டையும் இழுத்து விழுத்தும். பழைய மூன்றோடு புதிய ஒன்றைச் சேர்த்தால் சில வாரம் ஓடும், பிறகு அடுத்தது விழும். அவசரத்துக்கு அப்படிச் செய்யலாம், தப்பில்லை. ஆனால் "இது தற்காலிகம்" என்று வாயால் சொல்லிச் செய்ய வேண்டும்.

மூன்று, சார்ஜரை மாற்றிக் கொடுப்பது. இது ஆபத்தானது. 48 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. 13 செல் தொடராக உள்ள லித்தியம் பெட்டரிக்கு சார்ஜர் 54.6 வோல்ட்டில் நிற்க வேண்டும். 48 வோல்ட் ஈய அமில சார்ஜர் அதைத் தாண்டி 58 வோல்ட்டுக்கு மேல் போகும். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்கிட் ஒன்றுதான் அப்போது நம்மைக் காப்பாற்ற வேண்டும். அதுவும் பழுதானால் தீதான். "பின் சரியாகப் பொருந்துது, போடுங்க" என்று சொல்லிக் கொடுப்பது வியாபாரம் ஆகாது.

பற்றுச்சீட்டு கேட்க வெட்கப்பட வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும். அதில் பெட்டரியின் வகை, திகதி, எத்தனை மாத உத்தரவாதம் என்பதை எழுதி வாங்குங்கள். "நம்மட ஆள்தானே" என்று வாயால் முடித்த உத்தரவாதம் ஆறாம் மாதத்தில் இரண்டு குடும்பங்களுக்கிடையே மனக்கசப்பாக முடிகிறது. பொருளின் குறையை மறைத்து விற்பது ஆகாது என்று மார்க்கம் சொல்வது நமது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பெட்டரிக்கு அதில் விலக்கு இல்லை.

மூன்றாவது, பாடசாலை, பள்ளிவாசல், அலுவலகங்களின் பங்கு. சிலருக்கு இது கசக்கலாம், ஆனாலும் சொல்ல வேண்டும்.

பெட்டரி தளர்ந்தால் இடையில் சார்ஜ் போட வேண்டி வரும். ஈய அமில செட் 25 கிலோவுக்கு மேல் பாரம், கழற்றி உள்ளே தூக்கிப் போக முடியாது. ஆகவே சைக்கிள் நிற்கும் இடத்துக்கே வயர் இழுக்கப்படுகிறது. பள்ளிவாசலில் லுஹருக்கு வந்தவர் அஸர் வரைக்கும் சார்ஜில் போட்டு வைக்கிறார். "போன் சார்ஜ் போட்டா ஒருத்தரும் ஒன்டும் சொல்றல்லயே" என்று கேட்கிறார்.

இது ஆகுமா ஆகாதா என்று சொல்வது உலமாக்களின் வேலை. கணக்கு சொல்வது எங்கள் வேலை. ஒரு போன் பெட்டரி ஏறத்தாழ 20 வாட் மணி. 48 வோல்ட், 20 அம்பியர் மணி சைக்கிள் பெட்டரி 960 வாட் மணி. அதாவது ஒரு சைக்கிள் கிட்டத்தட்ட 50 போன். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் ஒரு முழுச் சார்ஜுக்கு ஏறத்தாழ 1.2 யூனிட். மாதத்தில் 22 நாள் போட்டால் 26 யூனிட். ஐந்து பேர் போட்டால் 130 யூனிட். சிறிய வீடு ஒன்றின் மாதப் பாவனையை விடவும் இது கூட.

இந்தப் பில்லைக் கட்டுவது யார்? ஜும்ஆவன்று உண்டியலில் இருபது ரூபாய் போடும் கூலி வேலைக்காரரும் கட்டுகிறார். மத வழிபாட்டுத் தலங்களுக்கு மின்சாரத்தில் தனிக் கட்டண வகை இருக்கிறது. அது வழிபாட்டுக்காகக் கொடுக்கப்பட்டது. பாடசாலையில் ஓடுவதும் மக்கள் பணம்தான். சும்மா எடுத்தால் உரிமைப் பிரச்சினை வரும். முற்றாகத் தடுத்தால் தூரத்திலிருந்து வரும் ஆசிரியை வீடு போக முடியாமல் நிற்பார். இரண்டும் சரியில்லை.

வழி இலேசானது. வாகனம் நிறுத்தும் இடத்தில் தனியாக ஒரு சார்ஜ் பொயின்ட், அதற்குச் சிறிய மீற்றர், ட்ரிப் சுவிட்ச், சரியான எர்த். பாவித்த யூனிட்டைக் கொப்பியில் எழுதி, பில்லில் உள்ள வீதப்படி பணம் கட்டுவது. எங்கள் பாடசாலையில் அதிபரின் அனுமதியோடு ஆசிரியர் நலன்புரிச் சங்கம் இப்படித்தான் செய்கிறது. மாதக் கடைசியில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே தொகை இருக்கும். யாருக்கும் யார் மீதும் முணுமுணுப்பு இல்லை. சார்ஜ் போடுகிறவரும் தலை நிமிர்ந்து போடுகிறார்.

தனி இடம் கேட்பதற்கு இன்னொரு காரணம் தீ. லித்தியம் பெட்டரி பற்றினால் சில நொடிகளில் கிட்டவும் போக முடியாது. நியூயோர்க் நகரில் 2023இல் மட்டும் லித்தியம் பெட்டரித் தீயால் 18 பேர் இறந்தார்கள். பள்ளிவாசல் வாசலிலோ வகுப்பறை வராந்தாவிலோ வீட்டில் வெளியேறும் ஒரே கதவுக்குப் பக்கத்திலோ சார்ஜ் போட வேண்டாம். எல்லாரும் தூங்கும் நேரத்தில் போட வேண்டாம். வெயிலில் ஓடி வந்தால் அரை மணி நேரம் ஆற விட்டுப் போடுங்கள். வீங்கிய பெட்டரி, மணம் வரும் பெட்டரி, கை வைக்க முடியாமல் சூடாகும் பெட்டரி எதையும் திரும்பச் சார்ஜில் போட வேண்டாம்.

கடைசியாக, தளர்ந்த பெட்டரி எங்கே போகிறது? ஈயத்துக்கு விலை இருப்பதால் பழைய இரும்பு எடுப்பவர் வாங்கிப் போவார். சில இடங்களில் வளவுக்குள் வைத்து உடைத்து அமிலத்தை மண்ணில் ஊற்றுகிறார்கள். நம் ஊர்களில் பல வீடுகளுக்குக் குடிதண்ணீர் இன்னும் கிணற்றில்தான். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு வரைக்கும் பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய அளவே அதற்கு இல்லை என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். காலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போகும் வாகனத்தின் கழிவு அந்தப் பிள்ளைகளின் கிணற்றில் சேரக் கூடாது. புதிய செட் விற்கும் கடையே பழையதை உடைக்காமல் திருப்பி எடுத்து, விலையில் கழித்துக் கொடுக்கட்டும். வாங்குகிறவர்களும் அப்படிச் செய்யும் கடையைத் தேடிப் போகட்டும்.

ஆக நாங்கள் கேட்பது மூன்றுதான். ஓட்டுகிறவர்கள் இந்த மாதமே பெட்டரிச் சீட்டு ஒன்றைத் தொடங்குங்கள். கடைக்காரத் தம்பிமார் திகதியும் உத்தரவாதமும் எழுதிய பற்றுச்சீட்டோடு விற்று, பழையதைத் திருப்பி எடுங்கள். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும் அதிபர்மாரும் மீற்றர் வைத்த ஒரு சார்ஜ் பொயின்டைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். இதில் ஒன்றுக்கும் அரசாங்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. வெளிநாட்டு உதவியும் தேவையில்லை.

ஒரு ஆசிரியை தன் சம்பளத்தில் வாங்கிய வாகனத்தில் நேரத்துக்கு வகுப்புக்கு வந்து, நேரத்துக்கு வீடு போவது சின்ன விடயம் போலத் தெரியும். அவர் வராத நாளில் நாற்பது பிள்ளைகளின் பாடம் நிற்கிறது. அந்த நாற்பதில் உங்கள் பிள்ளையும் ஒன்று.

அல்லாஹ் நம் எல்லாருடைய பயணங்களையும் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.